தோ பீகா ஜமீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிமல் ராய் இயக்கத்தில் 1953-இல் வந்த இந்திப் படம் 'தோ பீகா ஜமீன்' (இரண்டு பீகா நிலம்). கடனில் போகவிருக்கும் நிலத்தை மீட்க ஒரு குடியானவன் கல்கத்தாவுக்குப் போய்க் கை ரிக்‌ஷா இழுக்கிற கதை. படத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிவு உட்பட கதை முழுவதும் வரும். தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை என்ன?

ஊரில் மழை பொய்த்து, பிறகு ஒருவழியாகப் பெய்கிறது. ஊரே ஆடிப்பாடுகிறது. சம்புவுக்கு இரண்டு பீகா நிலம், வயதான அப்பா கங்கு, மனைவி பார்வதி, மகன் கன்னையா. ஊர்ப் பெரிய மனிதரான ஜமீன்தார் டாகூர் ஹர்நாம் சிங், பட்டணத்து ஆட்களோடு சேர்ந்து ஒரு ஆலை கட்டப் பார்க்கிறார். அவர் நிலத்தின் நடுவே சம்புவின் துண்டு நிலம் குறுக்கே நிற்கிறது. விற்கச் சொல்கிறார். சம்பு மாட்டேன் என்கிறான். அப்படியானால் வாங்கிய கடனை உடனே வை என்கிறார்.

விற்கக்கூடியதையெல்லாம் விற்று சம்பு 65 ரூபாய் சேர்க்கிறான். அவன் கணக்குப்படி கடன் அவ்வளவுதான். டாகூரின் கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டி 235 என்கிறார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. மூன்று மாதத்துக்குள் பணம் கட்டாவிட்டால் நிலம் ஏலம் என்று தீர்ப்பாகிறது. சம்பு கல்கத்தாவுக்கு ரயில் ஏறுகிறான். மகனும் சொல்லாமல் அதே ரயிலில் ஏறிவிடுகிறான். முதல் இரவிலேயே, நடைபாதையில் தூங்கும்போது, கையிலிருந்த மூட்டையும் காசும் திருடுபோகின்றன. அப்புறம் சேரியில் ஒரு இடம், ரிக்‌ஷா, மகனுக்கு ஷூ பாலிஷ் பெட்டி. காசு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது, சேர்ந்த வேகத்திலேயே கரைந்தும் போகிறது.

தகவல் வராமல் தவித்த பார்வதி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தும், தேடிக்கொண்டு பட்டணத்துக்கே வந்துவிடுகிறாள். நல்லவன்போல் பேசி ஒருவன் அவளை அழைத்துப்போகிறான். அவனிடமிருந்து தப்பி ஓடும்போது கார் மோதுகிறது. அடிபட்டவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிடுகிறார்கள். வந்து நிற்பவன் சம்பு. சேர்த்த பணம் வைத்தியத்துக்குப் போகிறது. நிலம் ஏலத்தில் போகிறது. அப்பாவுக்குச் சித்தம் கலங்கிவிடுகிறது.

இரண்டு பீகா என்றால் எவ்வளவு நிலம்?

பீகா ஊருக்கு ஊர் மாறும். வங்கத்துக் கணக்கில் ஒரு பீகா ஏறத்தாழ 33 சென்ட். ஆக இரண்டு பீகா சுமார் 66 சென்ட், ஒரு ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. காவிரிப் படுகைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், இரண்டு மா. நெல் போட்டால் ஒரு குடும்பம் வயிற்றைக் கழுவலாம், கையில் காசு மிஞ்சாது. ஒரு வருஷம் மழை தப்பினால் கடன்தான்.

65 ரூபாய்க் கடன் எப்படி 235 ஆனது? படத்தில் வேகமாகப் போய்விடுகிறதே?

வேகமாகப் போவது உண்மை. ஆனால் படத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. சம்புவின் குடும்பம் கடனைப் பல வழியில் கழித்திருக்கிறது. தானியமாகக் கொடுத்திருக்கிறார்கள், டாகூர் வீட்டில் கூலியில்லாமல் உழைத்திருக்கிறார்கள். கொடுத்ததற்கோ உழைத்ததற்கோ ரசீது கிடையாது. சம்பு படிக்காதவன். அவன் கணக்கு மனசில் இருக்கிறது. டாகூரின் கணக்கு நோட்டில் இருக்கிறது, கீழே கைநாட்டும் இருக்கிறது. நீதிமன்றம் எதை எடுத்துக்கொள்ளும்?

அந்த நீதிபதி கொடியவராகக் காட்டப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தாளில் இருப்பதைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார். அவகாசமும் கொடுக்கிறார். புரோநோட்டில் தொகை எழுதாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் படத்தை அழுகைப் படம் என்று சொல்லிச் சொல்லியே பலரைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டோம். என்னைக் கேட்டால், பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படம். 90 நாளில் 235 ரூபாய் என்றால், சாப்பாடு, தங்குமிடம் போக நாளுக்கு 2 ரூபாய் 10 அணா மிச்சம் பிடிக்க வேண்டும். (ரூபாய்க்கு 16 அணா, புதிய காசு வந்தது 1957-இல்தான்.) அன்றைய கல்கத்தாவில் கை ரிக்‌ஷா இழுப்பவனால் அது முடிகிற காரியமா? சம்பு ரயில் ஏறும்போதே நிலம் போய்விட்டது. அது அவனுக்குத்தான் தெரியாது. அதற்குப் பிறகு திரையில் எங்கே காசு வந்தாலும், எங்கே காசு போனாலும், உங்கள் மனசு தானாகவே கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிடும். சம்பு எவ்வளவு நேர்மையானவனாக, எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும் இந்தக் கணக்கு தீராது என்பதைப் படம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. காட்டிக்கொண்டே போகிறது.

1953-இல் ஜமீன்தாரி ஒழிந்துவிட்டதே? அப்புறம் ஏது டாகூர்?

ஒழிந்துகொண்டிருந்த நேரம். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இலும், பிகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் 1950 வாக்கிலும், மேற்கு வங்கத்தில் 1953-இலும் வந்தன. ஆனால் அந்தச் சட்டங்கள் எடுத்துக்கொண்டது, உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவில் நின்று வரி வசூலிக்கும் உரிமையை. வட்டிக்கு விடும் பணமும் கணக்கு நோட்டும் பெரிய வீட்டிலேயேதான் இருந்தன.

இன்னொன்று, டாகூர் பழைய காலத்து வில்லன் அல்ல. காலம் மாறுவதை முதலில் மோப்பம் பிடித்தவர் அவர்தான். குத்தகையை நம்பாமல் ஆலைக்குத் தாவுகிறார். புதிய நாடு ஆலைகளையும் அணைகளையும் கோயில்போலப் பார்த்த காலத்தில், அந்த ஆலை யாருடைய மண்ணில் எழும்புகிறது என்று கேட்க பிமல் ராய்க்குத் துணிச்சல் இருந்தது. அவரே டாக்கா பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர் என்பது கூடுதல் செய்தி.

ஏன் கல்கத்தா?

கிழக்கு இந்தியாவில் கையில் காசாகக் கூலி கிடைக்கும் பெரிய பட்டணம் அதுதான். சணல் ஆலை, துறைமுகம், சுமைக்கூலி, ரிக்‌ஷா. அதோடு பத்து வருஷத்துக்கு முன்பு, 1943 வங்கப் பஞ்சத்தில், பட்டினி கிடந்த கிராமத்துச் சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து விழுந்ததும் அதே தெருக்களில்தான். அவர்கள் வீட்டு வாசலில் நின்று சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். லட்சக்கணக்கில் மடிந்துபோன அந்தப் பஞ்சத்தின் நினைவு, படம் பார்த்த அன்றைய மக்களுக்கு ஆறாத புண்ணாக இருந்தது.

கை ரிக்‌ஷா இழுப்பது அவ்வளவு கஷ்டமா? அந்த ஓட்டக் காட்சி மிகையாகத் தெரிகிறதே?

சைக்கிள் ரிக்‌ஷாவில் மிதிப்பவன் உட்கார்ந்திருப்பான். கை ரிக்‌ஷாவில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே மனிதன் நின்று ஓட வேண்டும். வண்டி பெரும்பாலும் அவனுடையது இல்லை. முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுப்பது. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும்.

ஓட்டக் காட்சி மிகையில்லை. ஒரு பணக்கார இளைஞன், முன்னால் வேறொரு வண்டியில் போகும் தன் காதலியைப் பிடிக்கச் சொல்கிறான். இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று சொல்லிக் காசை ஏற்றிக்கொண்டே போகிறான். அவர்களுக்கு அது விளையாட்டு. சம்புவின் முகத்தைப் பாருங்கள். தொகை ஏறும் ஒவ்வொரு முறையும் அவன் கால் இன்னொரு முறை வேகமெடுக்கிறது. யாரும் சவுக்கு எடுக்கவில்லை, திட்டவில்லை. பணம் தருகிறேன் என்று மட்டும்தான் சொல்கிறார்கள். சக்கரம் கழன்று அவன் விழும் இடத்தில், மூன்று மாதக் கெடுவில் எத்தனை நாள் படுக்கையில் போகும் என்றுதான் நமக்கு மனசு பதறுகிறது.

தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை 1973-இல் கலைஞர் ஆட்சி ஒழித்தது. கல்கத்தாவில் 2006-இல் தடை செய்ய முயன்றும் முழுதாக மறையவில்லை.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி உண்மையிலேயே ரிக்‌ஷா இழுத்தாரா?

இழுத்தார், கல்கத்தா வீதிகளில், வெறுங்காலோடு. அவரை இந்த வேடத்துக்குப் போட்டபோது பலர் சந்தேகப்பட்டார்கள். காரணமும் இருந்தது. ஆங்கில இலக்கியம் படித்தவர், சாந்திநிகேதனில் ஆசிரியர், காந்தியின் சேவாகிராமத்தில் வேலை பார்த்தவர், போர்க்காலத்தில் லண்டன் பிபிசியில் அறிவிப்பாளர். இவர் எப்படிக் குடியானவன் ஆவார்?

தன் வரலாற்றில் அவர் ஒரு சம்பவம் சொல்கிறார். படப்பிடிப்பின்போது நம்பிக்கை தளர்ந்து உட்கார்ந்திருந்த அவரிடம், நடுவயது தாண்டிய ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டாராம். இவர் கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க அந்த மனிதர் அழத் தொடங்கிவிட்டார். பிகாரில் அவருக்கும் இரண்டு பீகா நிலம் இருந்திருக்கிறது, ஜமீன்தாரிடம் அடமானம். அதை மீட்கத்தான் வருஷக்கணக்காக ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்தார். இது என் கதை பாபு என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதன் பிறகு நடிப்புக் கலைபற்றி யோசிப்பதை விட்டுவிட்டு, அந்த மனிதரின் உயிரைத் தனக்குள் வாங்கிக்கொண்டதாக சாஹ்னி எழுதுகிறார்.

திரையில் அது தெரிகிறது. கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்புவுக்கு 90 நாள் கெடு. அந்த மனிதருக்குக் கெடுவே முடியவில்லை. சினிமாவைவிட நிஜம்தான் அங்கே கொடுமையாக இருந்தது.

பார்வதியாக நடித்தவர் யார்?

நிரூபா ராய். அதுவரை புராணப் படங்களில் அம்மனாக வந்தவர். 1950-இல் வந்த ஒரு சிவபுராணப் படத்தில் அவர் நடித்ததும் பார்வதி வேடம்தான். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பார்வதியாக வந்தார். பிற்காலத்தில் 'தீவார்' போன்ற படங்களில் அம்மாவாக வந்தவர் என்றால் பலருக்கு நினைவு வரும்.

அந்தப் பையன்கள்?

கன்னையா வேடத்தில் ரத்தன் குமார். அவனுக்கு ஷூ பாலிஷ் தொழில் சொல்லிக்கொடுக்கும் குறும்புக்காரச் சிறுவன் லாலு உஸ்தாத் வேடத்தில் ஜக்தீப். 'ஷோலே'யில் சூர்மா போபாலியாக வந்து சிரிக்கவைத்த அதே ஜக்தீப்.

கன்னையாவின் பகுதியை ஒதுக்கிவிடாதீர்கள். அப்பா படுத்த பிறகு பையனின் கை திருட்டுக்குப் போகிறது. குடியானவன் மகன் திருடலாமா என்று சம்பு அடிக்கிறான். கடைசியில் அம்மாவுக்கு அடிபட்டது தன் திருட்டுக்குக் கிடைத்த தண்டனை என்று நம்பி, பையன் கையிலிருக்கும் ரூபாய் நோட்டுகளைக் கிழித்துப் போடுகிறான். படம் முழுக்க ஒவ்வொரு அணாவுக்கும் உயிர் போகிறது, இங்கே நோட்டு கிழிகிறது. பேப்பரும் பேனாவுமாகப் பார்த்தவருக்கு அந்த இடத்தில் நெஞ்சு அடைத்துவிடும்.

தாகூர் கவிதையைத்தான் படமாக எடுத்தார்களா?

பெயர் ரவீந்திரநாத் தாகூரின் வங்கக் கவிதையிலிருந்து வந்தது. கதை சலில் சௌத்ரி எழுதிய, ஒரு ரிக்‌ஷாக்காரனைப் பற்றிய சிறுகதை. திரைக்கதை எழுதியவர் ரிஷிகேஷ் முகர்ஜி, படத்தொகுப்பும் அவரே.

கவிதையில் உபேன் என்ற ஏழைக்கு மிஞ்சியிருப்பது இரண்டு பீகா. தன் தோட்டம் நீள அகலம் சரியாக அமைய வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் அதைக் கேட்கிறார். கொடுக்க மறுத்ததும் பொய்க் கடன் பத்திரம் காட்டிப் பிடுங்கிக்கொள்கிறார். உபேன் ஊர் ஊராக அலைந்து பல வருஷம் கழித்துத் திரும்புகிறான். தன் பழைய மாமரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பழங்கள் மடியில் விழுகின்றன. தோட்டக்காரன் பிடித்துப்போய் நிறுத்த, பெரியவர் இவனைத் திருடன் என்கிறார்.

முடிவு ஏன் அப்படி? ஒரு நல்லது நடந்திருக்கக் கூடாதா?

நிறையப் பேர் கேட்பது இதைத்தான். சம்பு குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறான். அவன் நிலத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுக்கிறான். காவலாளி அதட்டுகிறான், என்ன திருடினாய் என்கிறான். சம்பு கையைத் திறக்க, மண் கீழே விழுகிறது.

கவிதையில் மாம்பழம், படத்தில் மண். தனதாக இருந்ததைத் தொட்டதற்குத் திருட்டுப்பட்டம் என்பது இரண்டிலும் ஒன்றே. கடைசி நேரத்தில் ஒரு நல்ல மனிதர் வந்து 235 ரூபாயைக் கட்டியிருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அது வரைக்கும் படம் போட்டுக்காட்டிய கணக்கு பொய்யாகியிருக்கும். இந்த முடிவு சோகத்துக்காக வைத்தது இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். டாகூர் தண்டிக்கப்படவும் இல்லை, கோபத்தில் கத்தவும் இல்லை. அவருக்கு அது ஒரு வேலை முடிந்தது, அவ்வளவுதான்.

'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தின் காப்பி என்கிறார்களே?

1952-இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் நடந்து, சென்னை உள்ளிட்ட ஊர்களுக்கும் வந்தது. அங்கே டி சிகாவின் அந்த இத்தாலியப் படத்தைப் பார்த்து பிமல் ராய் அசந்துபோனது உண்மை. தெருவில் இறங்கிப் படம்பிடித்தது, அப்பா மகன் இணை, தொழிலுக்கான வண்டி எல்லாம் அந்தத் தாக்கம். காப்பி என்பது தவறு. அங்கே பட்டணத்துத் தொழிலாளி வேலையை இழக்கிறான். இங்கே குடியானவன் மண்ணை இழக்கிறான். கடன், கைநாட்டு, ஏலம் எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

ஜான் ஃபோர்டின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தோடு ஒப்பிடலாமா?

தாராளமாக. 1940-இல் வந்த அந்த அமெரிக்கப் படத்தில் ஓக்லஹோமாவின் ஜோட் குடும்பம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டு 66-ஆம் நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியா போகிறது. அங்கே டிராக்டர், இங்கே ஆலை.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஜோட் குடும்பம் தாத்தா பாட்டி முதல் குழந்தைகள் வரை ஒரே லாரியில் ஏறி, திரும்பிவரும் எண்ணமில்லாமல் போகிறது. சம்பு மனைவியையும் அப்பாவையும் ஊரில் விட்டுவிட்டுப் போகிறான், திரும்பி வருவதற்காகவே போகிறான். நம் நாட்டில் பிழைக்கப் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆண் பட்டணத்தில், பெண்ணும் பெரியவர்களும் ஊரில், நடுவில் மணியார்டர். குடும்பம் ஒரே இடத்தில் சேர்ந்து துன்பப்படக்கூட வழியில்லை. சென்னை சென்ட்ரலில் பையோடு இறங்கும் வடமாநிலத் தொழிலாளர்களைப் பார்க்கிறோமே, அவர்களில் பலருடைய ஊரில் இன்றும் ஒரு பார்வதி போனுக்காகக் காத்திருக்கிறாள்.

பாட்டுகள்?

சலில் சௌத்ரி இசை, சைலேந்திரா வரிகள். மழை வந்த மகிழ்ச்சியில் ஊர் பாடும் பாட்டும், மன்னா டேயும் லதா மங்கேஷ்கரும் பாடிய 'தர்தி கஹே புகார் கே'யும் என்றைக்கும் நிற்பவை. மீனா குமாரி ஒரு தாலாட்டுக்காக மட்டும் வந்துபோகிறார். அதே ஆண்டு வந்த பிமல் ராயின் 'பரிணீதா'வின் கதாநாயகி அவர்.

நமக்கும் இந்தக் கூட்டணி அந்நியமில்லை. 1965-இல் வந்த 'செம்மீன்' படத்தின் இசை சலில் சௌத்ரி, படத்தொகுப்பில் ரிஷிகேஷ் முகர்ஜி, 'மானச மைனே வரூ' பாடியது மன்னா டே. மூவரும் 'தோ பீகா ஜமீன்' படத்தில் வேலை பார்த்தவர்கள். தமிழில் பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கும் சலில்தான் இசை.

விருதுகள்?

1954-இல் ஃபிலிம்ஃபேர் விருதுகள் தொடங்கியபோது முதல் சிறந்த படம், முதல் சிறந்த இயக்குநர் இரண்டும் இதற்கே. கான் திரைப்பட விழாவில் சர்வதேசப் பரிசு. முதல் தேசிய விருதுகளில் அகில இந்திய அளவிலான தகுதிச் சான்றிதழ். சிறந்த நடிகர் ஃபிலிம்ஃபேர் மட்டும் அந்த முறை 'தாக்' படத்துக்காக திலீப் குமாருக்குப் போனது. பல்ராஜ் சாஹ்னிக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தி தெரியாது. பார்த்தால் புரியுமா?

புரியும். வசனம் குறைவு, முகங்கள் நிறையச் சொல்லிவிடும். நீதிமன்றக் காட்சிக்கு மட்டும் சப்டைட்டில் வேண்டும். 2025-இல் 4கே தரத்தில் மீட்டெடுத்து வெனிஸ் விழாவில் திரையிட்டார்கள். எங்காவது அந்தப் பிரதியைத் திரையிட்டால் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் என்றால் பார்க்கலாம். பார்வதி ஏமாற்றப்படும் பகுதியும் விபத்தும் மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும்.

இதற்கு அடுத்து எதைப் பார்ப்பது?

'தர்தி கே லால்', 1946. கே.ஏ. அப்பாஸ் இயக்கியது, இந்திய மக்கள் நாடக மன்றத்தார் சேர்ந்து எடுத்தது. வங்கப் பஞ்சத்தில் நிலமிழந்த குடும்பம் கல்கத்தாவுக்கு வரும் கதை. அதிலும் பல்ராஜ் சாஹ்னி இருக்கிறார். எடுத்த விதம் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் சம்பு எங்கிருந்து வந்தான் என்பது அதைப் பார்த்தால் தெரியும்.